நீ கேட்டதும் நான் சொன்னதும்

தம்பி,

இன்று காலை நான் முதலில் செய்தது, அடித்துக்கொண்டிருந்த போனை மேசையிலேயே விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனதுதான். இங்கே பத்துபஸ்தியில் இன்று நம் தெருவுக்குத் தண்ணீர் வருகிற முறை. குழாயைத் திறந்து, ஹோஸை டிரம்முக்குள் விட்டு, அது நிரம்பும்வரை அங்கேயே நின்றேன். நிற்க அவசியமில்லை என்று உனக்குத் தெரியும். போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. திரையைப் பார்க்காமலேயே யாரென்று தெரிந்தது. தீவின் வடக்கே மாயாபந்தர் பக்கத்துக் குடியிருப்பில் விடிந்ததும் தேத்தண்ணி குடித்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி நின்று எனக்குப் போன் செய்கிறவள் செல்லம்மா அக்கா ஒருத்திதான். உன் அப்பா உள்ளேயிருந்து, "ஏட்டி, போனு அடிக்கி" என்றார். தெரியும் என்றேன். "தெரிஞ்சா எடுக்க வேண்டியதானே" என்றார். நான் டிரம்மை மூடிவிட்டு அடுத்த வாளியை வைத்தேன்.

அக்கா என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் இருக்கும் கரையில் வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து நிற்க ஒரு துறை கட்டுவதாக இரண்டு அரசுகள் பேசிக்கொண்டிருக்கின்றன. அதற்கு அவர்கள் நிலத்தை எடுக்க வேண்டியிருந்தால் பெரார்கஞ்ச் பக்கம் மாற்றிடம் தரப்படும், இந்த மாதக் கடைசிக்குள் வந்து சொல்கிறவர்கள் முதலில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், பிறகு வருகிறவர்களுக்கு மிச்சம் இருப்பதுதான் என்று அறிவித்திருக்கிறார்கள். பக்கத்துப் பெங்காலிக் குடும்பங்கள் போய், வயலை ஒட்டிய மேட்டு நிலமாகப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டன. அங்குள்ள நம் தமிழ் ஆட்கள் ஒருவர்கூடப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அக்கா போன வாரம் போனில் சொன்னாள்.

"அந்தப் பெங்காலி சனமெல்லாம் ஓடி ஓடி எடம் பாக்குதுங்க புள்ள. நம்ம லெச்சுமணன் இருக்கானே, அவனும் நாமளும் போவமானு கேக்குறான். நல்லா வைஞ்சு விட்டேன். அந்தத் தொரையே உன் மவன்கிட்ட நேர்ல சொல்லிட்டாரு, நம்மள அசைக்க மாட்டாங்கன்னு. பின்ன என்னத்துக்கு ஓடணும்? நான் சொன்னது சரிதானே?"

"பாக்கலாம்க்கா" என்றேன். மழையில் மேட்டுக்கு ஏற வேண்டாம், வழுக்கும் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அக்கா தொரை என்பது அந்தக் கரையைப் பார்க்க வந்த வெளிநாட்டு விருந்தினரை. அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. இது தெரிந்தவர்கள் இரண்டே பேர், நீயும் நானும். அதனால்தான் இதை எழுதுகிறேன். உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் செய்தது ஒரு கூடத்தில், மைக்கில், அத்தனை பேர் பார்க்கச் செய்தது. அதைப் பற்றிய பேச்சு மட்டும் நம் இருவருக்குள் அடங்கியிருப்பது முறையாகப் படவில்லை. இது அச்சில் வரட்டும், பிறரும் படிக்கட்டும். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

இந்தத் தீவுகளில் யாராவது பெரிய மனிதர் வந்தால் செய்கிற ஒரு வழக்கத்தை உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறாய். பெங்காலி ஒருவர், தெலுங்கர் ஒருவர், மலையாளி ஒருவர், ராஞ்சிக்காரர் ஒருவர், தமிழர் ஒருவர் என்று வரிசையாக மேடையில் உட்கார வைப்பார்கள். அவரவர் உடுப்பில், அவரவர் மொழியில், ஆளுக்கு இரண்டு நிமிடம். எல்லாரும் இங்கே ஒன்றாக வாழ்கிறோம் என்று எல்லாரும் சொல்வோம். அது உண்மையும்கூட. தமிழுக்கு என்று பல வருடங்களாக அழைக்கப்படுவது நான். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறவள், ஹிந்தி சரளமாக வரும், பட்டுப்புடவை கட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். முக்கியமான தகுதி, என் வாயிலிருந்து யாரையும் நெளிய வைக்கிற சொல் ஒன்று வந்ததில்லை. அழைப்பு வந்த காலைகளில் உன் அப்பா கடைக்குக் கிளம்பிக்கொண்டே, "இன்னைக்கு எந்தூர் ராசாவுக்கு ஆலாத்தி?" என்று கேட்பார். நான் முறைப்பேன். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது, தம்பி. மேடையில் என் பெயர் எழுதிய அட்டை பிடித்திருந்தது. அதிகாரிகள் எழுந்து நின்று "ஆயியே மேடம்" என்று நாற்காலி இழுத்துப் போடுவது பிடித்திருந்தது. தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு இது கிடைத்ததே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

என் அப்பா, உன் தாத்தா, இலங்கையின் மலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அங்கேதான் பிறந்தார். இரண்டு அரசுகள் உட்கார்ந்து, இந்த மக்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டன. அப்படி ஒரு பங்கில் வந்தவர் கப்பலேறி, முகாமில் கிடந்து, மறுபடி கப்பலேறி, இந்தத் தீவின் ரப்பர் மரங்களுக்கு நடுவில் வந்து இறங்கினார். காகிதத்தில் அவர்களுக்குத் தாயகம் திரும்பியவர்கள் என்று பெயர். அவர் பார்த்தே இராத இடத்துக்கு எப்படித் திரும்பினார் என்று நீ பள்ளியில் படிக்கும்போது கேட்டாய். அது ஒரு மரியாதையான சொல், அவ்வளவுதான் என்று நான் சொன்னேன். மரியாதையான சொல்தான். ஆட்களைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டார்கள் என்று எழுதியிருந்தால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போடத் தயங்கியிருப்பார்.

உன் தாத்தாவுக்குக் கடைசிவரை ஹிந்தி வரவில்லை. தோட்டத்து அதிகாரியிடம் எதுவும் பேச வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் போகிற என்னைக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு மழைக்காலம் எங்கள் கூரை ஒழுகியது. அவர் அதிகாரியின் முன் நின்று, "இவன் வீட்டுல மழ பேஞ்சா இப்படி வெத்தல போட்டுட்டு உக்காந்திருப்பானான்னு கேளு புள்ள" என்றார். நான் ஹிந்தியில், "சாகப், அப்பா உங்கள் உடல்நலம் விசாரிக்கிறார். எங்கள் கூரை கொஞ்சம் ஒழுகுகிறது, உங்களுக்கு நேரம் இருக்கும்போது ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்" என்றேன். அந்த வாரமே தகரம் வந்தது. அப்பா லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், நாலு வார்த்தை சூடாகக் கேட்டால்தான் இவனுங்களுக்கு உறைக்கும் என்று. தன் கோபம்தான் அந்தக் கூரையைப் போட்டது என்று சாகும்வரை நம்பினார். நான் அதை ஒரு வேடிக்கைக் கதையாக உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். நீயும் சிரித்திருக்கிறாய். அவர் தன் கோபத்தை அந்த மனிதனிடம் ஒருநாளும் சேர்க்கவில்லை, நான் சேர விடவில்லை என்பது அந்தச் சிரிப்பில் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. எனக்கு அதில் கிடைத்த பாடம் வேறு. சொன்னதை அப்படியே சொல்லாமல் இருந்தால் காரியம் நடக்கும்.

உனக்கும் அதைக் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெங்காலி மாஷிமா மீன் குழம்பு கொடுத்தனுப்பியபோது, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன நீ, "கடுகு ரொம்ப ஜாஸ்தி, மூக்கு எரியுது" என்று சொல்லிவிட்டு வந்தாய். உன்னைத் தொடையில் கிள்ளி இழுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைத்தேன். மாஷிமா அந்தப் பெங்காலி ஹிந்தியில், "அரே, ஏன் குழந்தையை அழ வைக்கிறாய்? என் வீட்டுக்காரருக்கும் எரியும், முப்பது வருஷமா வாயைத் திறக்கல. இவனாவது சொன்னானே" என்றாள். அதற்குப் பிறகு அவள் உனக்கென்று கடுகு குறைத்துத் தனியாக எடுத்து வைப்பாள். நீ நம் வீட்டில் சாப்பிட்டதைவிட அங்கே சாப்பிட்டதுதான் அதிகம். எனக்கு அவள் இன்றுவரை மூக்கு எரிகிற குழம்பைத்தான் தருகிறாள். "பகுத் அச்சா" என்று சொல்லி வாங்கி வைக்கிறேன்.

நீ பெரியவனானதும் நாம் சண்டை போட்டதெல்லாம் டிவி செய்தி முன்னால்தான். போன முறை விடுமுறையில் வந்திருந்தபோது, ஏதோ ஒரு தேசத்தில் குண்டு விழுந்து ஒரு பள்ளிக்கூடம் தரைமட்டமான செய்தி. ஒவ்வொரு நாட்டின் சார்பிலும் ஒருவர் வந்து, உயிரிழப்பு குறித்து ஆழ்ந்த கவலை தெரிவிப்பதாகச் சொன்னார்கள். "அம்மா, குண்டு போட்டவன் பேரு யார் வாயிலயும் வரலியே. குண்டு தானா விழுந்துச்சா?" என்று கேட்டாய். பெயரைச் சொன்னால் பேச்சுவார்த்தை முறியும், இந்த மாதிரி வார்த்தைகள்தான் இரண்டு பக்கமும் உட்கார இடம் கொடுக்கின்றன என்று வகுப்பில் பேசுவதுபோல் பேசினேன். "பேச்சு முறியாமத்தான் இருக்கு. புள்ளைங்கதான் செத்துட்டு இருக்கு" என்றாய். நான் விடவில்லை. அப்படியானால் மேடையில் ஏறி அடுத்த நாட்டுக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசுகிற தலைவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் உனக்கு உத்தமர்களா என்றேன். "அது ஏசுறது. நான் சொல்றது சொல்றது" என்றாய். உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் டெல்லியில ஆபீஸ் போட்டுத் தாரேன், அங்க போயிப் பேசுங்கல. நான் கடையத் தொறக்கப் போறேன்" என்று போய்விட்டார்.

ஏசுகிறவர்களைப் பற்றி நான் சொன்னதில் இப்போதும் மாற்றமில்லை. தன் கூட்டம் கைதட்டுவதற்காக ஏசுகிறவனும் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. கவலை தெரிவிக்கிறவர் மறைப்பதை அவன் சத்தத்தால் மறைக்கிறான். ஆனால் அன்று உன்னிடம் பேசும்போது, நான் ஏதோ உலக சமாதானத்துக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டேன். என் பழக்கத்துக்காகத்தான் வாதாடினேன்.

அந்த விடுமுறையிலேயே அந்தக் கூட்டம் வந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்று கரையைப் பார்க்க வருகிறது, குடியிருப்பின் கூடத்தில் ஒரு வரவேற்பு, ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒருவர் தாய்மொழியில் இரண்டு வார்த்தை, பக்கத்தில் நின்று அதை ஆங்கிலத்தில் சொல்ல ஒருவர். தமிழை ஆங்கிலத்தில் சொல்ல என்னை அழைத்தார்கள். நம் ஆட்கள் பேசுவதற்கு உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நீ முந்தின நாளே போய் அக்கா வீட்டில் தங்கிவிட்டாய். மகன் பேச, அம்மா மொழிபெயர்க்க, எவ்வளவு அழகான காட்சி என்று கூட்டத்தை ஏற்பாடு செய்த அதிகாரிகூடச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாம்பழ நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

தெலுங்கர் கடலைப் பற்றிப் பேசினார். பெங்காலிப் பெரியவர் பேசுவதற்குப் பதிலாகப் பாடினார். விருந்தினர்கள் புன்னகைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு நீ எழுந்தாய். காகிதம் எதுவும் கையில் இல்லை. முன்வரிசையில் அக்காவும் லெச்சுமணனும் மற்றவர்களும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் என்னால் இப்போதும் சொல்ல முடியும்.

"எங்க தாத்தா பாட்டிய ரெண்டு சர்க்கார் பேசி முடிச்சு கப்பல் ஏத்தினாங்க. அப்ப அவங்ககிட்ட யாரும் கேக்கல. இப்ப நீங்க ரெண்டு சர்க்காரும் எங்க கரையப் பத்திப் பேசிட்டு இருக்கீங்க. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நாங்க இங்கேர்ந்து போகணுமா, வேணாமா? போகணும்னா போகணும்னே சொல்லுங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. அத இங்க வச்சே, எங்க முன்னாடியே சொல்லுங்க."

உன் குரலில் கோபம்கூட இல்லை. விருந்தினர்களின் தலைவர், வெள்ளை முடியும் கண்ணாடியுமாக இருந்த அந்த மனிதர், என் பக்கம் திரும்பி, காதை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தார். அவர் கேட்கத் தயாராகத்தான் இருந்தார், தம்பி. அதை நான் மறக்கவில்லை. நான் மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: இவர் இந்தக் குடியிருப்பின் இளைய தலைமுறை. இரண்டு அரசுகளின் நல்லெண்ணத்தால்தான் இவருடைய முன்னோர்கள் இந்தத் தீவுக்கு வந்தார்கள். இன்று மீண்டும் இரண்டு அரசுகள் இதே கரையில் கைகோப்பதில் இம்மக்கள் பெருமைப்படுகிறார்கள். உங்கள் திட்டங்களில் தங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறார்கள்.

எழுதும்போது கை கூசுகிறது. அந்த நேரத்தில் கூசவில்லை. எவ்வளவு சரளமாக வந்தது என்று ஒரு கணம் எனக்கே திருப்தியாக இருந்தது. அவர் எழுந்து, உங்கள் அன்பு எங்களை நெகிழ வைக்கிறது, எங்கள் எண்ணத்தில் உங்களுக்கு எப்போதும் இடமுண்டு என்றார். அதை நான் நம் ஆட்களுக்கு, "உங்கள ஒருநாளும் மறக்க மாட்டோம், உங்களுக்கு இடம் உண்டுன்னு சொல்றாரு" என்று சொன்னேன். கேள்வி கேட்டவர்களுக்கு அது பதில். போகணுமா வேண்டாமா என்று கேட்டவர்களிடம் இடம் உண்டு என்றால் வேறென்ன நினைப்பார்கள். அக்கா எழுந்து நின்று கைதட்டினாள். கூடமே தட்டியது. நீ மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாய். வாயைத் திறந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ உட்கார்ந்துவிட்டாய்.

யாரும் என்னை மிரட்டவில்லை. அதிகாரி ஜாடை எதுவும் காட்டவில்லை, அவருக்குத் தமிழே தெரியாது. நீ கேட்டது அவருக்கு இன்றுவரை தெரியாது. உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தெற்குக் கோடியில் இருக்கும் காம்ப்பெல் பே ஊருக்கு என்னை மாற்றிவிடுவார்கள் என்ற பயம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கணத்தில் இவை எதுவும் என் மனதில் இல்லை. அழகாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காலை கெட்டுவிடக் கூடாது என்று மட்டும்தான் இருந்தது. உன் கேள்வி எனக்கு ஒரு விருந்தில் கொட்டிய குழம்பு மாதிரி தெரிந்தது. விருந்தினர் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில், நடுவில் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கிற ஃபெர்ரியில் நாம் பஸ்ஸைவிட்டு இறங்கி ஓரமாக நின்றோம். நீ பொட்டலக் கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாய். அந்த இடத்தில் அப்படித்தான் சொல்ல முடியும், உனக்குப் புரியாது என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"புரிஞ்சுதும்மா. எனக்கும் இங்கிலீஷ் தெரியும்" என்றாய்.

"அப்ப நீயே இங்கிலீஷ்ல கேட்டிருக்கலாமே. இல்ல ஹிந்தியில கேட்டிருக்கலாம். அங்க எல்லாருக்கும்தான் ஹிந்தி தெரியுமே."

"நானும் அதத்தான் சொன்னேன். செல்லம்மா பெரியம்மா விடல. இங்கிலீஷ்ல கேட்டா நீ என்ன கேட்டேன்னு எங்களுக்குத் தெரியாது, ஹிந்தியில கேட்டா ஆபீசர் குறுக்க பூந்து மாத்திருவாரு, தமிழ்ல கேளு, நம்ம புள்ள பக்கத்துலதான நிக்கும், நேரா அந்தத் தொரை காதுல போட்டுரும்னாங்க. கோயில் கொட்டகையில உக்காந்து, அந்த நாலு வரிய எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணினாங்க. ஒரு வார்த்தையும் என்னோடது இல்ல."

அதுவரை நான் மாற்றியது என் மகனுடைய பேச்சை என்றே நினைத்திருந்தேன். தாய்க்கு அதில் கொஞ்சம் உரிமை உண்டு என்றுகூட நினைத்திருந்தேன். யார் மாற்றிவிடுவார்களோ என்று பயந்து அவர்கள் ஹிந்தியைத் தவிர்த்தார்களோ, அவருடைய வேலையைத்தான் நான் செய்திருக்கிறேன். அந்த அதிகாரியாவது ஒருவேளை அப்படியே சொல்லியிருப்பார்.

நீ ஏன் அப்போதே எழுந்து சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எழுந்துதான் நின்னேன். நீ பாத்த. அத்தன பேர் முன்னாடி உன்ன எப்படிம்மா..." என்று நிறுத்தினாய். கடலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "இப்ப நானும்தான் அவங்கள ஏமாத்திட்டேன்" என்றாய்.

சின்ன வயதில் கிள்ளி இழுத்துப் போயும் உனக்குக் கற்றுக்கொடுக்க முடியாததை ஒரு பார்வையில் கற்றுக்கொடுத்துவிட்டேன் பார். நீ சென்னைக்குக் கப்பலேறிய அன்று ஹாடோ துறையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பெரியம்மாகிட்ட நீயே சொல்லிரும்மா. நான் சொன்னா உன்னக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்" என்றாய். சரி என்றேன். அதற்குப் பிறகு நீ போன் செய்யும்போதெல்லாம் மழையா, கரண்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறாய். சொன்னாயா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நீ கேட்காமல் இருப்பதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. என்னிடமிருந்து பதில் வராது என்று முடிவு செய்துவிட்டாயோ என்றுதான் பயப்படுகிறேன்.

நீ இப்போது ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்திருக்கிறாய். இனி உன் வேலையே அடுத்தவர் சொல்லைச் சுமந்துகொண்டு போய் அடுத்த இடத்தில் வைப்பதுதான். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தவறு செய்தவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். உன் சொந்த வார்த்தையை நீ எவ்வளவு வேண்டுமானாலும் தணித்துக்கொள். வீட்டில், தெருவில், பெரியவர்களிடம் தணிந்து பேசுவது நல்லதுதான், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டமிருந்தால் அது உன்னுடையது. மாஷிமாவின் குழம்பில் எரிவது என் மூக்கு மட்டும்தான். ஆனால் உன்னை நம்பி ஒருவர் தன் வார்த்தையை உன் வாயில் வைத்தால், அதைத் தணிக்க உனக்கு உரிமை கிடையாது. அந்தச் சொல்லில் அவருடைய வீடு இருக்கும், கிணறு இருக்கும். பெரிய மேடைகளில் தேசங்களின் பெயரால் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது இப்போது எனக்கு இதுதான் தோன்றுகிறது. அவர்களில் பலர் என்னை மாதிரிதான் இருப்பார்கள். கெட்டவர்களாக இருக்கத் தேவையில்லை. நல்ல பழக்கவழக்கம் உள்ளவர்களாக, அந்தக் காலை கெட்டுவிடக் கூடாது என்று நினைப்பவர்களாக இருந்தால் போதும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் பதில் கிடைத்துவிட்டது என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக எழுதுகிறவள் அக்காவிடம் ஏன் இன்னும் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். சொல்லாமல் சமாளிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தேன். மூன்று நாட்களுக்கு முன்னால் ஒரு வழி கிடைத்தும்விட்டது. "அக்கா, எதுக்கும் இருக்கட்டும், எல்லாரும் போய்ப் பெரார்கஞ்ச் பக்கம் எடம் கேட்டு வச்சிருங்க" என்று சொன்னால் போதும். அவர்கள் என் பேச்சைத் தட்ட மாட்டார்கள். மாதக் கடைசிக்குள் போய்விடுவார்கள், நிலமும் கிடைக்கும், நான் செய்தது யாருக்கும் தெரியாது. லெச்சுமணனுக்குப் போன் போட்டு அப்படியே சொல்ல ஆரம்பித்தும்விட்டேன். அவன், "ஏன் அத்த? தொரை சொன்னதுல ஏதும் மாறிப்போச்சா?" என்று கேட்டான். இல்லை, எதற்கும்தான் என்றேன். "தொரை சொன்னது மாறலன்னா பின்ன நாங்க ஏன் போவணும்? அம்பது தென்னை காய்க்குது அத்த. அத விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா, வேணாங்குறீங்களா? நேரா சொல்லுங்க" என்றான்.

நீ கேட்ட அதே கேள்வி, தம்பி. அன்றைக்கு விருந்தினரிடம் போக வேண்டியது, இப்போது என்னிடம் வந்தது. லைன் சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் குழு மறுபடி வரப்போகிறதாம். நேற்று அதிகாரி பள்ளிக்கே போன் செய்து, "மேடம், தமிழுக்கு வேறு யாரையும் நாங்கள் யோசிக்கவே இல்லை" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். நான் அப்படிச் சொல்லி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

இன்று சனிக்கிழமை. அக்காவின் போனை எடுக்காததற்குக் காரணம் இன்று பயம் மட்டும் அல்ல. போனில் சொன்னால் அவள் ஒருத்திக்குச் சொன்னதாகும். அவள் என்மேல் உள்ள பிரியத்தில் அதை மற்றவர்களிடம் தணித்துச் சொல்வாள், எனக்காக. அது மறுபடியும் நடக்கக் கூடாது. நாளை ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கோயில் கொட்டகையில் கூடுவார்கள். விடிவதற்கு முன் கிளம்பும் பஸ்ஸில், காட்டுவழியில் வண்டிகளைக் காவலோடு சேர்த்து அனுப்புகிற முதல் கான்வாயில் போகிறேன். பட்டுப்புடவை இல்லை, பள்ளிக்குக் கட்டுகிற காட்டன்தான். நீ கேட்டதை நீ கேட்டபடியே அவர்கள் முன் சொல்லப் போகிறேன். பிறகு நான் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்வேன். பிறகு அவர் பதிலாகச் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல். போகணுமா வேண்டாமா என்ற கேள்விக்கு இதுவரை யாருமே பதில் சொல்லவில்லை, ஏனென்றால் யாரிடமும் அது கேட்கப்படவே இல்லை என்று சொல்வேன். நிலம் பார்க்கப் போகிறவர்கள் திங்கட்கிழமை போகட்டும். தென்னையை விட்டு வர மாட்டேன் என்கிறவர்கள், விஷயம் தெரிந்தே இருக்கட்டும். அடுத்த முறை மைக்குக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும். என் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். எழுந்து போய்விடுவார்களாக இருக்கும். அக்கா அழுவாள், அல்லது ஏசுவாள். ஏசினால் நன்றாக இருக்கும்.

இதை உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால், தூரத்துப் பயணம், மழை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பார், நானும் சரி என்றுவிடுவேன். உன்னிடமும் சொல்லவில்லை. சொல்லி முடித்துத் திரும்பிய பிறகுதான் இந்தக் கடிதத்தை அனுப்புவேன், இது உன் கைக்கு வரும்போது நடந்து முடிந்திருக்கும். இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். அக்கா எப்போதும் போல முன்னால்தான் உட்காருவாள். சொல்லும்போது தலையைக் குனியாமல், அவள் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

அம்மா